ஸ்கை கோப்ராவுக்கு ஏழு வளைவு

1

பெருங்கதைகள் போரிலிருந்தும் காதலிலிருந்தும் பிறப்பதாகப் பாடநூல்கள் கூறும். இக்கதையோ, மலைப்பாதைப் பேருந்தில் வாந்தி வராதிருக்க விழுங்கும் ஒரு சிறு மாத்திரையிலிருந்து பிறந்தது. இதனை மறைத்துவிடலாமா என்றும் எண்ணினேன். ஆயினும், ஐம்பத்தோராம் அகவையில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வை எழுதி, எண்பத்தொரு மதிப்பெண் பெற்ற கை இது. மாத்திரையைப் பற்றியும் முறையாக எழுதும்.

தொடக்கங்கள் மூன்று வரைந்தேன்.

'நீலமலைச் சிகரங்களில் வெண்பஞ்சு மேகங்கள் தவழ்ந்து விளையாடும் அதிகாலைப் பொழுதில் —' (கைவிடப்பட்டது. அன்று மேகமே இல்லை. நடந்ததும் பகல் பதினொரு மணிக்கு.)

'பொழுதுபோக்கு மூவகைப்படும். அவையாவன —' (இரண்டு வகைகளே நினைவுக்கு வந்தன.)

'ஞாயிறு வழிபாடு முடிந்தபின், நடுவட்டம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரேயுள்ள பேக்கரியில் நால்வர் அமர்ந்தனர்.' இது நிற்கட்டும்.

2

நால்வருள் முதலாமவர் ஹெர்பர்ட், நடுநிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர். எதனையும் விசை, முடுக்கம் என்று பகுத்துரைப்பவர். இரண்டாமவர் நாச்சிமுத்து, காய்கறி மொத்த வணிகர். வழிபாட்டுக்கு வருவதில்லை, வழிபாட்டுக்குப் பின் கிடைக்கும் சூடான பப்ஸுக்குத் தவறுவதில்லை. மூன்றாமவர் செல்லதுரை, மலைப்பாதையில் இருபத்தேழு ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுபவர். நான்காமவர் மெட்டில்டா, தேயிலை ஆலையில் தூள் தரம் பிரிக்கும் பிரிவின் மேற்பார்வையாளர். இக்கதை பெரும்பாலும் இவர் தோளருகே நின்றே சொல்லப்படும்.

இந்நால்வரையும் பிணைத்த பித்து ரோலர் கோஸ்டர். ஆண்டுக்கு ஒருமுறை சமவெளிக்கு இறங்கி, ஏதேனும் ஒரு கேளிக்கைப் பூங்காவில் புதிதாக வந்ததில் ஏறிப் பார்த்து, மறுவாரம் பேக்கரியில் கூடித் தீர்ப்புரைப்பர். அளவையும் அவர்களே வகுத்தது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரு கோஸ்டர் வயிற்றைக் கலக்குவது அவற்றுள் எத்தனைக்குச் சமம் என்பதே வினா. பதினெட்டைத் தாண்டினால் அது பெற்ற பெயருக்குத் தகும். தாண்டாவிடில் வெற்று ஆரவாரம்.

[அடியில் எழுதவேண்டியதை இங்கேயே எழுதுகிறேன்: பதினோராண்டுகளில் எந்தக் கோஸ்டரும் பதினெட்டைத் தாண்டவில்லை. செல்லதுரையின் மைத்துனர் ஓட்டிய ஜீப்புக்கு மட்டும் ஒருமுறை முப்பத்து நான்கு வழங்கப்பட்டது. அது போட்டிக்கு உட்பட்டதன்று.]

3

இவ்வாண்டு, ஸ்கை கோப்ரா. கோவைப் பக்கத்துப் பூங்கா ஒன்றில் புதிதாக எழுந்தது. 'தென்னாடே அலறும்' என்று பேருந்துகளின் முதுகிலெல்லாம் விளம்பரம். அதனைப் பற்றி எட்டு மாதம் விடாது பேசி, மூவரையும் விடுப்பு எடுக்கவைத்து அழைத்துச் சென்றவர் மெட்டில்டா.

அலறியவரும் அவரே.

ஆலையின் இரைச்சலுக்கு நடுவிலும் குரல் உயர்த்தாதவர் அவர். கையசைவாலேயே வேலை வாங்குபவர். முதல் இறக்கத்தில் அவர் தொண்டையிலிருந்து புறப்பட்ட ஓசை அவருக்கே அறிமுகமற்றதாக இருந்தது. (ஈண்டு 'இடியோசை' என்று எழுதி அடித்தேன். முப்பதாண்டுகள் துருப்பிடித்துக் கிடந்த சன்னலை ஒருவர் திடீரெனத் திறந்தாற்போல் — இதனையும் அடிக்கிறேன்.) அவர் கத்தினார். கத்தியது அவருக்குப் பிடித்திருந்தது. அவ்வளவே.

பூங்காவின் கேமரா அக்கணத்தைப் படம்பிடித்தது. படத்தில் மெட்டில்டாவின் வாய்க்குள் அண்ணாக்கு வரை தெரிந்தது. அருகிலிருந்த மூவரோ, திருச்சபைக் கூட்டத்தில் ஆண்டறிக்கை கேட்போரைப் போல வீற்றிருந்தனர்.

4

அப்படம் இப்போது பப்ஸ் தட்டுகளுக்கு நடுவே கிடந்தது.

"ஒம்பது," என்றார் ஹெர்பர்ட். "இறக்கம் நல்ல இறக்கந்தானுங்க. ஆனா ஒடம்புல ஒண்ணுமே ஏறலை. நியாயமாப் பாத்தா எட்டரை."

"அரை வளைவுல எந்த வண்டிங்க வாத்தியாரே திரும்பும்?" என்றார் நாச்சிமுத்து. "நம்முளுது பத்து. அதுவும் அக்கா மொகத்துக்காக. எனக்குக் கொட்டாவியே வந்துருச்சுங்க."

"தென்னாடே அலறும்னு போட்டிருந்தாங்களே," என்றார் ஹெர்பர்ட்.

"அலறுச்சுங்களே." நாச்சிமுத்து படத்தைத் தட்டிக் காட்டினார். "அந்தத் தென்னாடு இங்கதான் உக்காந்து பன்னு தின்னுட்டு இருக்குது."

எல்லோரும் சிரித்தனர். மெட்டில்டாவும் சிரித்தார், சற்றுத் தாமதமாக.

வாசகர் ஒன்றைக் கருதவேண்டும். இங்குத் தீர்ப்பு இரும்புத் தண்டவாளத்துக்கு மட்டும் அன்று. கோப்ரா பத்து வளைவு என்றால், மெட்டில்டா அலறியதும் பத்து வளைவுக்கே. தம் வாழ்நாளில் ஒரேயொரு முறை வாய்விட்டுக் கத்தியது ஓர் அற்பப் பொருளுக்கு என்றாகிவிடும். அந்தக் கணத்தை இழக்க அவருக்கு மனமில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஊட்டியிலயே வாந்தி மாத்திரை போட்டுட்டீங்க," என்றார் மெட்டில்டா. "போட்டா தலை மந்தமாயிருமுங்க. வயிறு மரத்துப்போயிரும். மரத்த வயித்துல கோப்ரா வந்து என்னத்தப் பண்ணும்? நான் இந்தத் தடவை போடலை. அதான் எனக்கு மட்டும் தெரிஞ்சுது."

மலையிறங்குவதற்கென விழுங்கிய மாத்திரை, கீழே காத்திருக்கும் கோஸ்டரையும் சேர்த்தே அடக்கிவிடும் என்பது அந்நாள்வரை எவருக்கும் தோன்றவில்லை. (பதினோராண்டுத் தீர்ப்புகளும் பிழையோ எனும் ஆய்வு, தனிக் கட்டுரைக்கு உரியது.)

"அதுலயும் ஒரு நியாயம் இருக்குது," என்று ஹெர்பர்ட் மெல்லத் தலையசைத்தார்.

"அட, இருங்க," என்றார் நாச்சிமுத்து. "அப்ப டிரைவர் அண்ணன்? அவுரு மாத்திரைய கையிலகூடத் தொட மாட்டாரு. அண்ணா, நீங்க சொல்லுங்க. எத்தனை?"

செல்லதுரை தேநீரைப் பார்த்தார்.

"ஏழு," என்றார்.

"முடிஞ்சுதுங்க அக்கா. மாத்திரை போடாத மனுசனே ஏழுங்கறாரு. ஏழு வளைவுக்கா அந்தக் கத்துக் கத்துனீங்க?"

5

மெட்டில்டா ஏன் மாத்திரை போடவில்லை என்பதை இனியும் ஒளிக்க இயலாது.

செல்லதுரை ஓட்டுநர் இருக்கையில் மலை போல் அசையாதவர். பயணியர் இருக்கையில் அமர்ந்தாலோ, இரண்டாம் வளைவிலேயே வயிறு புரளும். அன்று குன்னூர்ப் பேருந்து நிலையத்தில், மற்ற இருவரும் வாழைப்பழம் வாங்கச் சென்ற நேரத்தில், அவர் மெட்டில்டாவிடம் வந்து நின்றார்.

"அக்கா, ஒண்ணு போட்டும் நிக்க மாட்டேங்குது. உங்களுதையும் குடுங்க. யார்கிட்டயும் சொல்லிராதீங்க. மலை டிரைவருக்கே வாந்தியான்னு டிப்போல என்னைய வெச்சு ஓட்டியே எடுத்துருவாங்க."

மெட்டில்டா கொடுத்தார். சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். ஆகவே செல்லதுரை, இரண்டு மாத்திரைகளோடு கோப்ராவில் ஏறினார். முதல் இறக்கத்தில் அவர் விழித்திருந்தாரா என்பதே ஐயம்.

இப்பாத்திரத்தை நான் நம்ப மறுத்தேன் என்பதையும் கூறிவிடுகிறேன். 'இருபது' என்று சொல்லியிருந்தால் அவரும் தப்பியிருப்பார், மெட்டில்டாவும் தப்பியிருப்பார். மூன்று பிரதிகளில் அவரை 'இருபது' என்று சொல்லவைக்க முயன்றேன். மூன்றிலும் அவர் தேநீரைப் பார்த்துவிட்டு 'ஏழு' என்றே சொன்னார். அஞ்சியிருப்பவருக்குச் சிறிய எண்ணே பாதுகாப்பாகத் தோன்றும் போலும்.

6

அழைத்துச் சென்றவர் இறுதியில் எண் சொல்வது அவர்களின் வழக்கம். மெட்டில்டாவின் முறை வந்தது.

முடிவு அ: மெட்டில்டா உண்மையைக் கூறிவிடுகிறார். கோப்ராவும் அவர் அலறலும் உரிய மதிப்பைப் பெறுகின்றன. திங்களன்று டிப்போவில் செல்லதுரையின் ஸ்டியரிங்கில் யாரோ ஒரு பாலிதீன் பையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கின்றனர்.

முடிவு ஆ: மெட்டில்டாவும் "ஏழு" என்கிறார். மறுநாள் ஆலைக்குச் சென்று, கையசைவால் வேலை வாங்குகிறார். (இதனை எழுதுகையில் பேனா நகர மறுத்தது. அடிக்கவும் மனமில்லை.)

முடிவு இ: செல்லதுரை தலைநிமிர்ந்து, "நான் ரெண்டு போட்டிருந்தேனுங்க," என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே அதன்மீது ஐயம் மிகுதி.

உண்மையில் நடந்தது இம்மூன்றும் அன்று. கூடலூர்ப் பேருந்து வந்து நின்றது. மெட்டில்டா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அடுத்த வாரம் சொல்றேனுங்க," என்றார்.

"ஏழச் சொல்றதுக்கு ஏழு நாளாக்கா?" என்றார் நாச்சிமுத்து. செல்லதுரை மட்டும் சிரிக்கவில்லை.

7

குன்னூரில் கைமாறிய மாத்திரை எனக்கு எவ்வாறு தெரிந்தது என்று கூர்மதி படைத்த வாசகர் வினவக்கூடும். வினவுதல் முறையே. அதனை அறிந்தோர் இவ்வுலகில் இருவர் மட்டுமே. இருவரும் ஒரே மாலை வகுப்பில் அமர்ந்து தமிழ் படித்தவர்கள். அவர்களுள் ஒருவரே இதனை எழுதுகிறார்.

மெட்டில்டாவின் தோளருகே நின்று எழுதியமையால் நான் அவரே என்று துணிந்துவிட வேண்டா. அவருக்குத் தவறிழைத்தவரின் நெஞ்சமும் ஒரு வாரமாக அவ்விடத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

இன்று சனிக்கிழமை. நாளை இத்தாள்களை ஹெர்பர்ட்டின் கையில் கொடுத்து, மேசை முழுதும் கேட்க உரக்கப் படிக்கச் சொல்லப்போகிறேன். எழுதியவர் மெட்டில்டாவாயின், இது காட்டிக்கொடுத்தல். செல்லதுரையாயின், இது மன்னிப்பு வேண்டுதல். இரண்டுக்கும் சொற்கள் இவையே. ஓர் எழுத்தும் மாறாது. எதனை எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். எதனைப் படித்தீர்கள் என்பதைத் தாங்கள் கீழே நிரப்புக.

எழுதியவர்: ____________