இரண்டு கொம்பு

யானையைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நசிலேலே பிள்ளைகளுக்கு அல்லிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றியும் கசப்புப் போகவில்லை. அதற்குள் ஊரே கத்தி, கோடரி, பேசின் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடியிருந்தது. அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. தப்பிப் பிழைத்து வந்த கொஞ்சம் சோளத்தையும் யானைகள் தின்றுவிட்டன. அந்த யானைகளைக் காப்பவர்களும் நாங்களேதான். காடு உங்களுடையது, விலங்கு உங்களுடையது என்று அரசாங்கத்தார் சொல்லிக் கமிட்டி அமைத்து, பலகை நட்டு, காவலுக்குப் போகிறவனுக்குப் பச்சைச் சட்டையும் தைத்துக் கொடுத்திருந்தார்கள்.

அந்தச் சட்டையைப் போட்டிருந்தவன் நசிலேலேயின் புருஷன் முபிட்டா. போன மாதம் வயலில் இறங்கிய யானையைத் தகரம் தட்டி விரட்டப் போனவனை அது மிதித்துவிட்டது. சட்டையை வைத்துத்தான் அவன் என்று அடையாளம் கண்டோம். கண்ணால் பார்த்தவள் நசிலேலே ஒருத்திதான். இடது கொம்பு அடியோடு முறிந்த ஒற்றைக் கொம்பன் என்று சாவு வீட்டில் சொல்லிச் சொல்லி அழுதாள். அதைக் கேட்காத ஆள் ஊரில் கிடையாது.

ஆளைக் கொன்ற யானையைச் சுட அரசாங்கம் அனுமதி கொடுத்தது. கமிட்டித் தலைவர் மட்டெங்கு அந்த அனுமதியை ஒரு வெளிநாட்டு வேட்டைக்காரருக்கு விற்றார். கொம்பு அவருக்கு, இறைச்சி ஊருக்கு. கடல் தாண்டி வந்தவர் முறிந்த கொம்பைக் கொண்டுபோய் வீட்டில் மாட்டுவாரா? ஆற்றங்கரையில் சாய்ந்து கிடந்த யானைக்கு இரண்டு கொம்பும் முழுசாக, ஆள் நீளத்துக்கு இருந்தன. வேட்டைக்காரர் அதன்மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போய்விட்டார்.

தலைநகரிலிருந்து வந்திருந்த வனவிலங்கு அதிகாரி மட்டும் கோடரியை இறக்க விடவில்லை. எங்கள் பேச்சு அவருக்கு அரைகுறையாகத்தான் புரியும். கொன்றது இதுதான் என்று பார்த்தவர் வந்து சொல்ல வேண்டும், இல்லையென்றால் கொம்பும் இறைச்சியும் அரசாங்கத்துக்கு என்றார். மட்டெங்குவே போய் நசிலேலேயைக் கூட்டி வந்தார்.

ஆளைக் கொன்ற மிருகத்தில் அந்த ஆளின் ரத்தம் கலந்திருக்கிறது என்பது எங்கள் நம்பிக்கை. ஊர் தின்னலாம். அவன் வீட்டார் மட்டும் வாயில் வைக்கக் கூடாது. வைத்தால் அவனையே தின்றதாகும்.

"நமசிக்குவோட அம்மா, எல்லாரும் உன் வாயத்தான் பாத்துட்டு நிக்கிறாங்க. ஒரு வார்த்தை, அவ்ளோதான்" என்றார் மட்டெங்கு.

"எம் பிள்ளைங்களுக்கு?"

"அதுங்களுக்கு வேற ஏதாவது பண்ணலாம். ஊரு விட்ருமா?"

அவள் யானையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இடது கொம்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எங்கள் பேசின்களைப் பார்த்தாள். "இதுதான்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் முதல் கோடரி விழுந்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் மரக்கிளை எல்லாம் இறைச்சி தொங்கியது. ஒவ்வொரு வாசலிலும் கொழுப்பு உருகும் வாசம். நசிலேலே பிள்ளைகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு வேறு ஏதாவது பண்ண யாருக்கும் கை ஒழியவில்லை.

எப்படி நழுவி வந்தாளோ, அவளுடைய ஆறு வயது மகள் நமசிக்கு, மட்டெங்குவின் அடுப்படியில் அகப்பட்டுக்கொண்டாள். வாயில் ஒரு துண்டு, கன்னமெல்லாம் கொழுப்பு. மட்டெங்குவின் மனைவி அவள் காதைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தாள். அங்கே அதிகாரி வறுத்த ஈரல் தின்றுகொண்டிருந்தார். கொம்புகளை ஏற்றிய வண்டி பக்கத்திலேயே நின்றது.

"பெத்த அப்பனத் தின்னுட்டு நிக்கிது பாருங்க."

அந்த யானைக்கு எத்தனை கொம்பு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வாய் நிறைந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் மென்றுகொண்டுதான் இருந்தேன்.

நசிலேலே ஓடி வந்தாள். குழந்தை அவளைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டு நியாயம் கேட்டது. "அம்மா, அப்பாவ மிதிச்சதுக்கு ஒத்தக் கொம்புதானே? நீதானே சொன்ன? இதுக்கு ரெண்டு..."

நசிலேலே இடது கையால் அதன் வாயைப் பொத்தினாள்.

"குழந்தை என்ன சொல்லுது?" என்று கேட்டார் அதிகாரி. மட்டெங்கு தட்டைக் கீழே வைத்துவிட்டு நசிலேலேயைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

"பசிக்குதாம், ஐயா."

பிறகு அவள் குழந்தையைக் குப்புறக் கவிழ்த்து, வலது கை விரல்களைத் தொண்டைக்குள் விட்டாள். அது திமிறியது, உதைத்தது. எல்லாம் வெளியே வரும்வரை அவள் விடவில்லை. நாய்கள் வந்து அதைச் சுத்தமாக நக்கிவிட்டுப் போயின. மட்டெங்குவின் மனைவிக்கு அப்போதுதான் திருப்தி.

வண்டி கிளம்பியது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. நசிலேலே அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தாள், குழந்தை அவள் மடியில் துவண்டு கிடந்தது. வாயைப் பொத்திய இடது கை மடியில் விரிந்து கிடந்தது. உள்ளங்கை முழுக்கக் கொழுப்பு பளபளத்தது. நமசிக்கு மெல்லத் தலையைத் திருப்பி அந்தக் கையை நக்க ஆரம்பித்தாள்.

நசிலேலே நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. தோளில் கிடந்த துணியை எடுத்துக் குழந்தையின் தலையையும் தன் கையையும் சேர்த்து மூடினாள்.