மாமனார் ஏறினால் வரும் சத்தம்

சர்வேயரின் வண்டியில் ஒரு சத்தம் வந்தது. அதில் அதிசயமில்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற அந்தக் குட்டி வண்டிக்குப் பதினான்கு வயது. வாரத்தில் நான்கு நாள் அளவைக் கருவிகளைச் சுமந்துகொண்டு சேற்றிலும் சரளையிலும் ஏறி இறங்குகிறது. அதிசயம் என்னவென்றால், அவருடைய மாமனார் ஏறினால் மட்டும்தான் அந்தச் சத்தம் வந்தது.

சர்வேயர் தனியாகப் போனால் வண்டி பூனை மாதிரிப் போகும். மனைவியோடு போனாலும் அப்படித்தான். மாமனார் முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினால் போதும், முதல் வளைவிலேயே அடியிலிருந்து ‘கர்ர்ர்’ என்று, யாரோ தகரத்தை அரம் போட்டு ராவுகிற மாதிரி கேட்கும். வளைவு முடிந்ததும் நின்றுவிடும். இறக்கம் வந்தால் மறுபடி தொடங்கும்.

மாமனார் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். கண்ணில் கோளாறு வந்த பிறகு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே போனாலும் மாப்பிள்ளைதான் கூட்டிப்போக வேண்டும்.

“வண்டிக்கு என்னைப் பிடிக்கல மாப்பிள்ளை” என்றார் ஒருநாள், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

“அப்படியெல்லாம் இல்ல மாமா. வெயிட்டு ஜாஸ்தியா இருக்கும்.”

“நான் அறுபத்தெட்டு கிலோ. உங்க சாமான் மூட்டை என்னைவிடக் கனம்.”

சர்வேயர் வண்டியை மெக்கானிக் அக்காவிடம் கொண்டுபோனார். ஐம்பதைத் தாண்டிய அக்கா, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வண்டிக்கு வந்ததைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் கேட்பதுபோலக் கேட்பார். எத்தனை நாளா? விட்டு விட்டா, தொடர்ந்தா? ராத்திரி ஜாஸ்தியா? சர்வேயர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் மாமனார் விஷயத்தையும் மென்று விழுங்கிச் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. நோட்டில் ‘மாமனார்’ என்று எழுதிக்கொண்டார்.

முதல் நாள் ஃபோர் வீல் கியர் பெட்டியின் எண்ணெயை மாற்றினார். முன் சக்கரங்களுக்குப் போகிற தண்டின் மூட்டுகளுக்கு கிரீஸ் அடித்தார். சக்கரங்களை ஆட்டி பேரிங்கைப் பார்த்தார். எல்லாம் குத்துக்கல்லாட்டம் இருந்தது. சத்தமும் அப்படியே இருந்தது.

இரண்டாம் நாள் அறுபத்தெட்டு கிலோ மணலை மூட்டைகளில் கட்டி, மாமனார் இடத்தில் உட்காரவைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டார். சர்வேயர் ஊரைச் சுற்றி வந்தார். மூச்சு விடவில்லை வண்டி.

“மூட்டைக்கு வரல. இவருக்குத்தான் வருது” என்று அக்கா நோட்டில் குறித்தார். பக்கத்தில் நின்ற மாமனாருக்குச் சுருக்கென்றது.

மூன்றாம் நாள் மாமனாரை ஏற்றிக்கொண்டு அக்காவே ஓட்டினார். ஆற்றுப் பாலம் வரை போய், இறக்கத்தில் இறங்கித் திரும்பினார்கள். சத்தமே இல்லை. மாமனார் பாதி வழியில் தூங்கிவிட்டாராம்.

“அப்ப மாமா மட்டும் காரணமில்ல. நீங்க மட்டும் காரணமில்ல. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் வியாதி” என்றார் அக்கா.

அன்று மாலை சர்வேயர் இதை வீட்டில் சொன்னார். மனைவி காயவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். “இதுக்கு மூணு நாளா? கல்யாணமாகி ஒம்பது வருஷமா நான் கேட்டுக்கிட்டிருக்கிற சத்தம்தானே இது” என்றாள்.

நான்காம் நாள் அக்கா ஒரு முடிவோடு இருந்தார். வண்டியை மேலே தூக்கும் மேடையில் ஏற்றினார். முன்னால் இருவரையும் உட்காரவைத்து, ஆள் உயரத்துக்கு மேலே தூக்கினார். கியர் போட்டதும் நான்கு சக்கரங்களும் காற்றில் சுழன்றன. அக்கா கீழே டார்ச்சோடு நின்றார். சத்தம் வரவில்லை.

“சார், ரோட்டுல ஓட்டுற மாதிரி ஓட்டுங்க” என்று கத்தினார்.

“ரோடே இல்லையேக்கா!”

“வாயால சொல்லிக்கிட்டே ஓட்டுங்க!”

சர்வேயர் கொஞ்சம் கூச்சத்தோடு ஆரம்பித்தார். “வீட்டுலேர்ந்து கிளம்பியாச்சு மாமா. மருந்துக் கடை தாண்டிட்டோம். இப்ப பள்ளிக்கூட வளைவு.”

“மெதுவா போங்க மாப்பிள்ளை” என்றார் மாமனார்.

“மெதுவாத்தான் மாமா போறேன். எதிர்ல ஒரு லாரி வருது.”

“லாரியா? ஒதுங்குங்க!”

“ஒதுங்க இடமில்ல. பக்கத்துல சைக்கிள்காரர்.”

“மாப்பிள்ளை! லாரி! லாரி!”

‘கர்ர்ர்ர்ர்’ என்று பட்டறையே அதிர்ந்தது. டயர் மாற்ற வந்தவர்களும், எதிர் டீக்கடையில் நின்றவர்களும் ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஆகாயத்தில் நின்ற வண்டிக்குள் இரண்டு பெரிய மனிதர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“லாரி போயிடுச்சா?” என்று அக்கா கேட்டார்.

“போயிடுச்சுக்கா.”

“இன்னொரு லாரி விடுங்க!”

இன்னொரு லாரி வந்தது. அக்கா டார்ச்சை மேலே அடித்துக் கண்ணிமைக்காமல் பார்த்தார். மாமனார் அலறியபோது வண்டியின் தரை ஓரிடத்தில் பாதம் அளவுக்குக் கீழே பிதுங்கியது. அங்கே சைலன்சர் சூட்டைத் தடுக்கிற தகடு சுழலும் தண்டில் போய் உரசியது.

வண்டியை இறக்கி, மாமனார் காலடியிலிருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். தரை துருப்பிடித்து அப்பளமாக இருந்தது. ஓட்டுநராக இருந்தால் பிரேக் இருக்கும் இடத்தில், வலது காலின் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

“ஐயா, இங்க பிரேக் இல்லையே” என்றார் அக்கா.

மாமனார் தன் காலை யாரோ அசலூர்க்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நான் அமுக்கலையேம்மா. அதுவா அமுக்கியிருக்கு.”

சர்வேயருக்கு மனசு விட்டுப்போயிற்று. “அக்கா ஓட்டினப்ப தூங்கினீங்களே மாமா.”

மாமனார் அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “அவங்க வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைக்கிறாங்க மாப்பிள்ளை” என்றார் மெல்ல.

அக்கா துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார். சூட்டுத் தகட்டை நிமிர்த்தி முடுக்கினார். சத்தம் ஒழிந்தது. ஆனால் நிம்மதி வரவில்லை. தன் கால் செய்வது தெரிந்துபோன பிறகு மாமனார் அதை அடக்கப் படாதபாடு பட்டார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காலின் மேல் பையை வைத்தார். இறங்கும்போது தொப்பலாக வியர்த்திருப்பார். பின்னிருக்கைக்கு மாறியபோது, வளைவுக்கு வளைவு மாப்பிள்ளையின் முதுகில் உதை விழுந்தது.

ஒரு காலை மாமனார் தனியாக நடந்து பட்டறைக்குப் போனார். “ஒரு பெடல் வச்சுக் குடும்மா” என்றார்.

“எதோட சேர்க்கணும் ஐயா?”

“எதோடவும் வேணாம். காலுக்கு ஒரு வேலை வேணும்.”

அக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. உடைத்துப்போட்ட வேனிலிருந்து பெடலைக் கழற்றி, ரப்பர் மாட்டி, பின்னால் கனமான ஸ்பிரிங் கொடுத்து, புதுத் தகட்டின் மேல் பொருத்தினார்.

சர்வேயர் குனிந்து அதை ஒருமுறை கையால் அமுக்கிப் பார்த்தார். இரண்டு வாரமாக அவரும் தனியாகப் போகும்போது வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துப் பழகிக்கொண்டிருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. அன்று இருவரும் கிளம்பினார்கள். வளைவில் மாப்பிள்ளை கியரைக் குறைத்தார், மாமனார் பெடலை மிதித்தார், வண்டி அழகாகத் திரும்பியது.

“நல்லாப் பிடிக்குது” என்றார் மாமனார்.

“ஆமா மாமா” என்றார் சர்வேயர்.

மூன்று மாதம் கழித்து, பெடல் ஆழமாக இறங்குகிறது என்று மாமனார் குறை சொன்னார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டில் எழுதினார், ஸ்பிரிங்கை மாற்றினார், மாமனாரை உட்காரவைத்து மிதிக்கச் சொல்லிச் சரிபார்த்தார். புது ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பு. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெரிய இறக்கம் வந்ததும் மாமனார் ஓங்கி மிதித்தார்.

“மாமா, கொஞ்சம் பதமாப் பிடிங்க” என்றார் சர்வேயர். “வண்டி குலுங்குது.”