இரண்டாம் பதிவேடு

பிரபஞ்ச ரகசியத்துக்கு மூன்று ரூபாய் கொடுத்தார்கள். நான் ஐந்து கேட்டிருந்தேன். புதுச்சேரி வாரப் பத்திரிகைக்காரர், "உலகம் பொய்னு ஊர்ல எல்லாரும் சும்மாவே சொல்றான். உனக்கு மூணே ஜாஸ்தி" என்றார்.

பாகூரில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த செட்டியாரின் பிள்ளை நான்; நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அப்பா இரண்டு பேரேடு வைத்திருந்தார். ஒன்று வரிக்காரர் பார்க்க, ஒன்று தான் பார்க்க. இரண்டிலும் கூட்டல் சரியாக இருக்கும். இதில் எது நிஜம் என்று சின்ன வயதில் கேட்டு ஓர் அறை வாங்கினேன். 1936இல் அந்த அறைதான் விஞ்ஞானக் கதையாக அச்சில் வந்தது.

கதையில் வரும் விஞ்ஞானி, உலகமே எழுதிவைத்த ஏடுதான் என்று கண்டுபிடிக்கிறான். எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. நிஜம் என்பது அவ்வளவே. அந்த ஏட்டுக்கும் இரண்டாம் படி ஒன்று உண்டு. இங்கே செத்தவனின் சாவை அங்கே எழுதும்வரைக்கும், அவன் அங்கே நடமாடிக்கொண்டிருப்பான். இதைச் சந்தையில் யாரோ உரக்கப் படித்திருக்கிறார்கள்.

பிரெஞ்சு சர்க்காரின் நகராட்சி அலுவலகமான மேரியில் பிறப்பு, இறப்பு பதிகிற குமாஸ்தா முத்துசாமி என் சீட்டாட்டக் கூட்டாளி. ஒரு நாள் காலையில் மண்டிக்கு ஓடிவந்தான்.

"டேய், உன் கதையால என் வேலை போவப்போவுது. சோரியாங்குப்பம் ஆதிமூலத்தோட பொண்ணு காய்ச்சல்ல செத்து நாலு நாளாச்சு. பொதைச்சுட்டாரு, பதிய மாட்டேன்றாரு. எழுதாதவரைக்கும் அவ அங்க இருக்காளாம். நீ எழுதியிருக்கியாம்."

நான் சிரித்தேன்.

"இன்னா சிரிப்பு? இன்னிக்கி அவரு வந்து பதிஞ்சா நான் சமாளிச்சுக்குவேன். நாளைக்கிப் போலீசுக்குப் போயிடும். குழியத் தோண்டுவானுங்க. போய்ப் பொய்னு சொல்லிக் கூட்டியாடா."

போனேன். ஆதிமூலம் எங்கள் மண்டிக்கு மல்லாட்டை போடுகிறவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். வரப்பில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க சின்ன செட்டியாரே. நானே வரணும்னு இருந்தேன். அம்சவள்ளிக்கு ஏழு வயசு. அங்க அவளுக்குத் தலை வாரிவுட ஆரு இருக்கா? அத எழுதாம வுட்டுட்டீங்களே."

பொய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் என் கதையை இவ்வளவு அக்கறையாக யாரும் விசாரித்ததில்லை.

"அங்கயும் நீங்க இருக்கீங்கண்ணே. நீங்கதான் வாரிவிடுறீங்க."

"எனக்குச் சடை போட வராதே."

"அங்க வரும்."

அவர் முகம் மலர்ந்தது. பேரம் படிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தை மண்டியில் தினம் பார்க்கிறவன் நான். விடாமல் அடுத்த பேரத்துக்குப் போனேன்.

"மேரியில ஒரு ஏட்டுலதான் எழுதுவாங்க. இன்னொண்ணு அப்படியே கெடக்கும். வந்து ஒரு கைநாட்டு வெச்சிடுங்க. போலீசு வராது, பொண்ணும் அங்க இருப்பா."

"நெசமாவா?"

"நானேதான் சாட்சி. எனக்குத் தெரியாதா?"

மேரியிலும் இரண்டு பதிவேடு உண்டு என்று எனக்குத் தெரியும். இரண்டாவதை முத்துசாமி சாவகாசமாகப் பார்த்து எழுதிக்கொள்வான், இவர் எங்கே பார்க்கப்போகிறார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மேரியில் முத்துசாமி முதல் ஏட்டில் பிரெஞ்சில் எழுதி முடித்தான். ஆதிமூலம் கட்டைவிரலை வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். முத்துசாமி இன்னொரு தடித்த ஏட்டை எடுத்து விரித்து, அதே வரிகளை எழுத ஆரம்பித்தான். கண்ஜாடை காட்டினேன். அவனுக்குப் புரியவில்லை.

"சாமி, இது இன்னா ஏடு?" என்றார் ஆதிமூலம்.

"ரெண்டாம் படி. இது புதுச்சேரிக்குப் போவும். தகப்பன், சாட்சி, ரெண்டு பேரும் இதுலயும் வெக்கணும்."

"இத மட்டும் கொஞ்ச நாள் கழிச்சி எழுதக்கூடாதா?"

"சட்டம்பா."

ஆதிமூலம் என்னைப் பார்த்தார். பேசியே மூட்டைக்கு அரை ரூபாய் குறைக்கிறவன் என்று ஊரில் எனக்குப் பெயர். மைக்கூட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவர் விரலை வேட்டியில் துடைத்து, மறுபடி மையில் தொட்டு வைத்தார். விரலை ஏட்டிலிருந்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு, படிக்கத் தெரியாதவர், முதல் ஏட்டில் நான் கையெழுத்துப் போட்ட இடத்தை ஞாபகம் வைத்து, அதே இடத்தை இதிலும் விரலால் காட்டினார்.

"உங்க எடம், சின்ன செட்டியாரே."

போட்டேன்.

வெளியே வந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். திட்டியிருந்தால் அதை என் வரவில் வைத்திருப்பேன்.

அன்றைய கணக்கு: பெண் ஒன்று. சாவு இரண்டு. கைநாட்டு இரண்டு, கையெழுத்து இரண்டு. ஆதிமூலத்திடம் "நான் சொன்னது பொய்" என்று சொன்ன வகையில், ஒன்றுமில்லை. அது மட்டும் இன்னும் பாக்கி.