லீவு லெட்டரில் செத்த மாமா

மழை வருகிறதே என்று அக்கா மகளை அழைத்துவரப் பள்ளிக்குப் போன மெக்கானிக்கிடம், "அவ மாமா செத்துட்டாராம், ஒரு வாரம் லீவு" என்றார் வாட்ச்மேன். அவளுக்கு மாமா இவன் ஒருவன்தான்.

கடற்கரை வெயிலில் கறுத்துப்போய் அக்கா குடும்பம் திரும்பிய அன்று, வாசலிலேயே அக்கா புருஷனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து மூக்கில் ஒரு குத்து விட்டான். ரத்தம் குபுகுபுவென்று கொட்டியது.

"நீங்க ஊர் சுத்த என் பொணம்தான் கிடைச்சுதா?"

அடுத்த குத்தில் பல் ஒன்று தெறித்து விழுந்தது. அக்கா குறுக்கே பாய்ந்தாள்.

"அவரை விடுடா! அவர் தன் அப்பா செத்ததாத்தான் எழுதச் சொன்னார். உன்னை எழுதினது நான்."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. "ஏன்க்கா?"

"நீ செத்தா யாரும் துக்கம் விசாரிக்க வரமாட்டாங்கன்னுதான்."