மேஸ்திரிக் குழியின் சம்மதம்

எங்கள் தொப்பிமலையில் ஜீப்புக்குப் புது புஷ் போடுவதென்றால், பாதையில் இருக்கும் குழிகளிடம் முதலில் சம்மதம் வாங்க வேண்டும். ஒரு குழி மறுத்தாலும் போடக் கூடாது. வண்டியின் வில்பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் அந்த ரப்பர் துண்டுதான் குலுக்கலை வாங்கிக்கொள்கிறது. ஆகவே அது குழிகளின் பிழைப்பைத் தொடுகிற விஷயம். வழக்கம் நியாயமானதுதான் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன்.

என் ஜீப்பின் புஷ்கள் போன மழைக்கு முன்பே தேய்ந்துவிட்டன. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி கோணலாகப் போகும். கல்லில் ஏறினால் இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் எஸ்டேட் ஆபீஸ் வரை கேட்கும். ஏலக்காய் மூட்டைகளுக்கு அது பொருட்டில்லை. ஆனால் என் தங்கை பவுன்தாய்க்கு மாதம் நிறைந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை அவளை இதே வண்டியில் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு இறக்கினேன். இரண்டு முறையும் வெறும் மடியோடு திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தேன். இரண்டும் ஒரே வளைவில், ஒரே குழியில் போனவை. மூன்றாவதை விடுவதாக இல்லை.

ஒரு காலையில் ஒவ்வொரு குழியிடமும் நிறுத்திக் கேட்டுக்கொண்டே இறங்கினேன். குழி பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள். இந்த வருட மழையில் பிறந்த சின்னக் குழிகள் எதைக் கேட்டாலும் பேசாமல் இருக்கும். பாலத்தடிக் குழிக்குக் காது மந்தம். திரும்பத் திரும்பக் கத்தித்தான் அதன் மௌனத்தை வாங்க முடிந்தது.

கடைசியில் மேஸ்திரிக் குழி. வளைவின் முழு அகலத்துக்கும் படுத்திருக்கும். அதைத் தாண்டுகிற எல்லார் தலையும் ஒரு முறை குனிந்து நிமிரும். மேனேஜர் தலையும் குனியும், பாதிரியார் தலையும் குனியும். எஸ்டேட் ஆட்கள் மேஸ்திரிக்குக் குனிகிற மாதிரி. அதனால்தான் அந்தப் பெயர்.

“யாரு, அன்னக்கொடியா?” என்றது குழி.

“ஆமா. வண்டிக்கு புஷ் மாத்தணும்.”

“மாத்துனா தலை குனியுமா?”

“லேசா ஆடும்.”

“ஆடுறதெல்லாம் கும்பிடா? உங்கப்பன் இந்த வழியா போனா நெத்தி போயி ஸ்டியரிங்குல இடிக்கும். அதுதான மரியாத.”

“என் தங்கச்சி பிள்ளைக ரெண்டும் இங்கதான் போச்சு.”

“நான் கூப்பிட்டேனா? என் எடத்துல நான் படுத்திருக்கேன். சம்மதம் இல்ல, போ.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தண்ணீரை நிரப்பிக்கொண்டு சொகுசாகக் கிடந்த அதைப் பார்த்து, “உங்க சம்மதத்த நீங்களே வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

எங்கள் லைன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே சிக்கந்தர் அண்ணனின் பட்டறை இருக்கிறது. வண்டியைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

“மேஸ்திரி ஒத்துக்கிட்டாரா?”

“இல்ல.”

“அப்ப?”

“நீங்க போடுங்கண்ணே.”

அவர் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். ஜாக்கி வைத்துத் தூக்கி, சட்டத்துக்குக் கட்டை கொடுத்தார். துருப்பிடித்த போல்ட்டு வர மறுத்தது. சம்மட்டியால் அடித்து வரவழைத்தார். பழைய புஷ்ஷின் ரப்பர் ஒரு பக்கம் காகிதமாக மெலிந்து கிழிந்திருந்தது. புதியதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, வைஸ் இடுக்கியில் வைத்து நெரித்து உள்ளே ஏற்றினார். மாலைக்குள் எல்லாம் மாட்டியாயிற்று.

“போன தடவ அவசரத்துல, வண்டி அந்தரத்துல நிக்கிறப்பவே முறுக்கிட்டேன். கீழ எறக்குனதும் ரப்பர் திருகிக்கிச்சு. அதான் சீக்கிரம் போச்சு” என்றார். “இந்த தடவ வண்டி தன் கால்ல நிக்கட்டும். ஏறப்போற ஆளும் உள்ள உக்காரட்டும். அதுக்கப்பறம் கடைசி முறுக்கு.”

பவுன்தாயை அழைத்துவந்து பின்சீட்டில் உட்கார வைத்தேன். அவர் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் போனபோது அவளுக்கு வலி கண்டது.

அதே நேரம் மேஸ்திரிக் குழி மலையேறி வந்து பட்டறை வாசலில் குறுக்கே படுத்தது. மறியல். பின்னாலேயே மற்றக் குழிகளும் வந்து சேர்ந்தன. சம்மதம் கொடுத்தவைகூட வந்திருந்தன. மேஸ்திரி கூப்பிட்டால் தட்ட முடியாதாம். எதற்கு வந்திருக்கிறோம் என்று பாலத்தடிக் குழி பக்கத்துக் குழியிடம் கேட்டுக்கொண்டிருந்தது. எதிர் டீக்கடை லில்லி அக்கா எல்லாக் குழிக்கும் ஒவ்வொரு கிளாஸ் டீ ஊற்றினார்.

“பழசையே மாட்டு. இல்லாட்டி வண்டி வெளிய போகாது” என்றது மேஸ்திரிக் குழி.

பவுன்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு, “அக்கா, இந்த தடவயும் குனியச் சொல்லுதா?” என்றாள்.

“சொல்லுது.”

“நான் குனிய மாட்டேன்.”

“நீ ஏன் குனியணும்? நிமிந்து உக்காரு.”

குழி கொஞ்சம் இறங்கி வந்தது. “சரி, ஒரே ஒரு தடவ. பேருக்குக் குனிஞ்சிட்டுப் போங்க. நாலு பேரு பாக்குறாக.”

“பேருக்கும் கெடையாது” என்றேன்.

“முறுக்கியாச்சு!” என்று சிக்கந்தர் அண்ணன் உருண்டு வெளியே வந்தார்.

முதல் கியரைப் போட்டு நேராகக் குழிக்குள் விட்டேன். முன்சக்கரம் இறங்கி ஏறியது. பின்சக்கரமும் இறங்கி ஏறியது. எங்கும் இரும்புச் சத்தம் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். பவுன்தாயின் கழுத்து நேராக இருந்தது. வயிற்றைப் பிடித்தபடி குழியை முறைத்துக்கொண்டிருந்தாள். என் தலையும் அசையவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. குழி ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

குழிகளெல்லாம் மேலே மறியலில் இருந்ததால் பாதை காலியாகக் கிடந்தது. இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டோம். பெண் குழந்தை. வெளியே நின்ற எனக்கே காது அடைக்கிற மாதிரி அழுதது. அப்படி ஒரு சத்தத்துக்காக நாங்கள் எத்தனை வருடம் காத்திருந்தோம் என்று நர்ஸிடம் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளிலும் மறியல் முடியவில்லை. குழிகள்தான் இத்தனை காலமும் பாதையை மலையோடு சேர்த்துப் பிடித்திருந்தன. அவை இல்லாததால் அடிவாரத்திலேயே பாதை தரையைவிட்டு ஓர் ஆள் உயரம் எழும்பியிருந்தது. வண்டிகள் ஏறுவதற்காக யாரோ இரண்டு பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஏற்றினேன்.

“அக்கா, கீழ ஆடு மேயுது” என்றாள் பவுன்தாய்.

“மேயட்டும்.”

வளைவுகளெல்லாம் ஏறிய பிறகும் பாதை மலையைத் தொடாமல் மேலேயே போய்க்கொண்டிருந்தது. அவள் மறுபடி எட்டிப் பார்த்தாள். “நம்ம லைன் வீடெல்லாம் கீழ போகுதுக்கா.”

“போகட்டும். பிள்ள முழிச்சிருக்கா?”

“தூங்குது.”

தொப்பிமலையில் வண்டி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து ஏற்றத்தில் போட்டே இராத மூன்றாவது கியரைப் போட்டேன்.