வாய் திறந்தால் விசில்

மருமகள் வாயைத் திறக்கக் கூடாது. மாமியார் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இப்படி ஒரு சட்டம் எந்த ஆபீசில் இருக்கும் என்று சிரிக்காதீர்கள். காட்டு மலையின் அடிவாரத்தில் இருந்த மலைப்பாதை அலுவலகத்தில் இருந்தது. சட்டம் போட்டவர்கள் மாமியார் மருமகளை நினைத்துப் போடவில்லை, பாவம்.

விஷயம் இதுதான். மலையேற வருகிறவர்கள் வழி தவறாமல் இருக்க மரத்திலும் பாறையிலும் பெயிண்டால் அடையாளம் போடுவார்கள். புதுப் பாதை திறக்கும் முன் அதற்கொரு பரீட்சை உண்டு. அந்த மலையில் காலே வைக்காத ஒருவர் அடையாளத்தை மட்டும் பார்த்து உச்சிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அடையாளம் போட்டவர் பின்னால் நடக்கலாம். ஆனால் பேசக் கூடாது, கை காட்டக் கூடாது, தொண்டையைக்கூடச் செருமக் கூடாது, பெயிண்ட் டப்பாவும் கொண்டுபோகக் கூடாது. கடைசியாக மேற்பார்வையாளர் விசிலோடு வருவார். மீறினால் ஒரே ஊது, பாதை அவுட். ஊரே அவரை ‘விசில்’ என்றுதான் கூப்பிட்டது.

மருமகள் அந்த அலுவலகத்துப் பெயிண்ட்காரி. வருஷக்கணக்காக அடுத்தவர் போட்டு மங்கிப்போன அடையாளங்களுக்குத்தான் பூசிக்கொண்டிருந்தாள். இந்தப் பாதை ஒன்றுதான் அவளுடையது. அவளே தேடி, முள் வெட்டி, ஒவ்வொரு திருப்பத்தையும் யோசித்து, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் அடையாளம் போட்டிருந்தாள். புது சீசனுக்கான வரைபடம் அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. மறுநாள் பெருமழை என்று ரேடியோ கத்தியது. அன்றைக்குப் பரீட்சை முடியாவிட்டால் வரைபடத்தில் அவள் பாதை கிடையாது.

அந்த நேரம் பார்த்து, நடக்க ஒப்புக்கொண்டிருந்த பள்ளிக்கூட டீச்சர் தன் வீட்டுக் குளியலறையிலேயே வழுக்கி விழுந்து காலில் கட்டோடு படுத்துவிட்டார். ஊரில் மலையேறாத ஆள் வேறு யார்? யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார்.

“நான் போறேன்” என்றார் மாமியார், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். “இத்தனை வருஷமா ஜன்னல் வழியா அந்த மலை என்னைப் பாத்துட்டே இருக்கு. நானும் போய் அதப் பாத்துட்டு வரேன்.”

மருமகளுக்கு மயக்கமே வந்தது. மாமியார் தையல்காரர், அதிலும் கைராசிக்காரர் என்று பேர். வீட்டின் முன்னறைதான் கடை. துணியில் தூசு பட்டாலே பொறுக்காதவர். இவளோ வேலை முடிந்து வந்தால் ஆரஞ்சுக் கையைப் பார்க்கிற இடத்திலெல்லாம் துடைப்பாள். கதவு, குழாய், ஃப்ரிட்ஜ் பிடி, ஒன்று மிச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாமியார் மண்ணெண்ணெய்த் துணியோடு வீடு முழுக்கத் தேய்ப்பார். தேய்ப்பது கையென்றால் திட்டுவது வாய், இரண்டுக்கும் ஓய்வில்லை. புருஷன்காரன் அந்த நேரத்துக்கு எங்கே மாயமாவான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

விசில் தயங்கினார். “ஒரே வீட்டு ஆளுங்களா இருக்கீங்களேம்மா...”

“ஏன் தம்பி, நான் இவளுக்கு விட்டுக்கொடுத்துடுவேன்னு பயப்படறீங்களா? வேணும்னா எங்க தெருவுல விசாரிச்சுப் பாருங்க.”

விசிலின் வீடும் அதே தெருதான். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அன்று காலையிலேயே கிளம்பினார்கள். முன்னால் கான்வாஸ் ஷூவும் மகனின் பழைய தொப்பியுமாக மாமியார், நடுவில் வாய்க்குப் பூட்டுப் போட்ட மருமகள், பின்னால் விசில். அடேயப்பா, அந்த அம்மாள் பேசியதை என்னவென்று சொல்ல! ஏற்றம் மூச்சு வாங்கவைத்தது, ஆனால் பேச்சு நிற்கவில்லை.

“இந்தக் குறியப் பாரு, எவ்வளவு நேரா இருக்கு. வீட்டுல ஒரு படத்த நேரா மாட்டத் தெரியுதா உனக்கு? என்ன, பேச மாட்டியா? நல்லா இருக்கே இது. இந்தத் தம்பிய நம்ம வீட்டோடவே வெச்சுக்கலாம் போல.”

விசில் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். மருமகளின் நாக்கு நுனிவரை வந்த பதில்கள் எல்லாம் திரும்ப வயிற்றுக்கே போயின.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, ஓர் இடத்தில்கூட மாமியார் தடுமாறவில்லை. இரண்டு வழி பிரிகிற இடமெல்லாம் தையல்காரக் கண் சட்டென்று ஆரஞ்சைப் பிடித்தது. ஓடைக்கு மேலே ஒரு பெரிய இரட்டை மரம். கீழேயிருந்து வரும் இரண்டு வழிகள் அங்கே ஒன்றுசேரும். மாமியார் குறியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மேலே போனார். மருமகள் பெருமையாக ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மரத்தின் பின்பக்கம் மொட்டையாக இருந்தது. இறங்கி வருகிறவர்களுக்கு அங்கே குறியே இல்லை!

அடக் கடவுளே! எப்படி விட்டேன்? அப்புறம்தான் ஞாபகம் வந்தது. முன்பக்கம் பூசி முடித்துப் பின்பக்கம் போகப்போன நேரம் போன் அடித்தது. மாமியார்தான். ஒரு வாடிக்கையாளரின் வெள்ளை கவுனில் ஆரஞ்சுப் புள்ளி, சாயங்காலம் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம், ஓடி வா என்று ஒரே அலறல். டப்பாவை மூடி, விழுந்தடித்து ஓடினாள். மறுநாள் மரத்தைத் தாண்டி மேலே வேலையைத் தொடர்ந்துவிட்டாள்.

இறங்கும்போது அந்த இடத்தில் மாமியார் இடதுபக்கம் திரும்பினால் முடிந்தது. அந்தப் பக்க வழி அகலமாக வேறு இருக்கும், வா வா என்று கூப்பிடும். அது போய்ச் சேருவது சதுப்பில்.

உச்சிக்குப் போனதும் மாமியார் தொப்பியைக் கழற்றினார். அடிவாரத்து வீடுகள் எல்லாம் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. சுற்றிலும் பச்சைக் காடு, மேலே கறுத்துக்கொண்டு வரும் மேகம். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த அம்மாளுக்குப் பேச்சு வரவில்லை.

“அந்தத் தகரக் கூரை நம்ம வீடுதானே?” என்றார் கொஞ்சம் கழித்து. “தினமும் இங்கதான் வந்துட்டு இருந்தியா? நான் என்னமோ நீ காட்டுல பூச்சிக்கடி வாங்கிட்டு அலையறேன்னு நினைச்சேன். அடியே, ஒரு தடவையாவது என்னக் கூப்பிடணும்னு தோணலையா உனக்கு?”

கூப்பிட்டால் வருவீர்களா என்று அவள் கேட்டதே இல்லை. இப்போது சொல்ல ஆயிரம் இருந்தது, வாயைத்தான் திறக்க முடியாது. கண் மட்டும் நிறைந்தது. கண்ணீருக்கு விசில் ஊதலாமா என்று விசிலுக்குத் தெரியவில்லை. திரும்பி நின்று மேகத்தைப் பார்த்தார்.

இறங்கினார்கள். மாமியார் உற்சாகத்தில் துள்ளினார். மருமகள் பின்தங்கிப் பின்தங்கி வந்தாள். இரட்டை மரம் வந்தது.

மாமியார் நின்றார். மரத்தைப் பார்த்தார், மேலும் கீழும் பார்த்தார். “என்னடி, இங்க ஒண்ணையும் காணோம்?”

மருமகள் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். முகத்தைப் பார்த்து மாமியார் கண்டுபிடித்துவிட்டால் அதுவும் மீறல்தான். விசில் ஊதலை உதட்டருகே கொண்டுபோனார். மாமியார் இடதுபக்கம் நாலடி வைப்பது காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று மருமகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

காலடி நின்றது. திரும்பியது. வலப்பக்கம் போனது.

“அட படுபாவி!” என்று காடே அதிரக் கத்தினார் மாமியார். “இங்கயுமா?”

வலதுபக்க வழியில், இடுப்பு உயரப் பாறையில், ஏறும்போது கண்ணில் படாத மறுபக்கத்தில், நாலு விரலும் ஒரு கட்டைவிரலுமாக ஆரஞ்சுத் தீற்றல். அன்றைக்குப் போனை வைத்துவிட்டு ஓடியவள் போகிற போக்கில் கையைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாள்!

“தம்பி, இந்தப் பக்கம்தான் வழி. எங்க வீட்டுக் கதவுல இருக்கிற அதே கை. எத்தனை தடவை தேய்ச்சிருப்பேன், எனக்குத் தெரியாதா? அவ வீட்டுக்கு ஓடின வழி இது.”

விசில் குனிந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். “இது குறியில்லையேம்மா. கை துடைச்சது.”

“பெயிண்டா இல்லையா?”

“பெயிண்ட்தான்.”

“அவ போட்டதா இல்லையா?”

“அவங்க போட்டதுதான்.”

“அதப் பாத்து நான் வழி கண்டுபிடிச்சேனா இல்லையா? அப்புறம் என்ன தம்பி? நேரா இல்லைங்கிறீங்களா? வாங்க, எங்க வீட்டுல மாட்டியிருக்கிற படத்தைக் காட்டறேன்.”

சட்டப் புத்தகத்தில் பெயிண்ட் அடையாளம் என்றுதான் இருந்தது. அது எந்த வடிவம் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. விசில் ஊதலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். “கீழ போய்ப் பெயிண்ட் எடுத்துட்டு வந்து, மழைக்கு முன்னாடி மரத்துலயும் ஒண்ணு போட்டுடுங்க. பாதை பாஸ்.”

மருமகள் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து சேர்த்துவைத்த பதில் எதுவும் வரவில்லை. “அத்தை!” என்று ஒரே சொல்தான் வந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

“விடுடி, வேர்வை” என்றார் மாமியார். ஆனால் விடவில்லை.

மறுநாள் ஞாயிறு. மழை கொட்டியது. வரைபடம் அச்சுக்குப் போயிருந்தது. மருமகள் நல்ல பிள்ளையாக மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு வாசற்கதவைத் தேய்க்க உட்கார்ந்தாள். தையல் மெஷின் சத்தம் நின்றது.

“அத விடு” என்றார் மாமியார். “குழாயத் தேய், ஃப்ரிட்ஜத் தேய். கதவுல இருக்கிறது இருக்கட்டும்.”

“ஏன் அத்தை?”

“வீட்டுக்கு வர வழி தெரிய வேணாமா உனக்கு?” என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.