சிவப்புப் பொட்டு வைத்த பேட்டரி

கணக்கு டீச்சருக்கு ஒரே ஆசைதான். தன் பெயர் போட்ட பாடப்புத்தகம் ஒன்று வெளிவர வேண்டும். பதிப்பகமும் ஒருவழியாக இறங்கிவந்தது. ஆனால் திங்கட்கிழமை காலை மொத்தப் பாடமும் வந்தாக வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அதற்காகத்தான் அந்தக் கையடக்கக் கம்ப்யூட்டரை வாங்கினாள். ஆபீஸ் கம்ப்யூட்டர் செய்கிற வேலையைச் செய்யும், மூடினால் கைப்பைக்குள் அடங்கும். பஸ்ஸில், ஸ்டாஃப் ரூமில், பால் பொங்குவதற்குள் அடுப்படியில் என்று தட்டித் தள்ளினாள். அதைச் செய்தது பிள்ளைகள் விளையாடும் கம்ப்யூட்டர் விற்கிற கம்பெனி. போதாதா புருஷனுக்கு? 'பொம்மைப் பொட்டி' என்று பெயர் வைத்துவிட்டான்.

அதில் ஒரு வில்லங்கம். எழுதியதெல்லாம் மூன்று பேட்டரியின் தயவில்தான் உள்ளே நிற்கும். கழற்றினால் சட்டென்று மாற்றிவிட வேண்டும், தாமதித்தால் சகலமும் அழிந்துவிடும். சேமித்து வைக்கத் தனியாக ஒரு கார்டு உண்டு. அதை வாங்கலாமா என்று புருஷனிடம் கேட்டாள்.

"பொம்மைக்கு நகை வேற போடணுமா?" என்று சிரித்தான். கார்டு ஆசையை விட்டாள். பேட்டரியாவது புதிதாக இருக்கட்டும் என்று வாங்கிப் போட்டாள். பழசோடு கலந்துவிடாமலிருக்க மூன்றிலும் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்தாள்.

ஞாயிறு சாயங்காலம், கடைசிப் பாடத்துக்கு விடை மட்டும்தான் பாக்கி. மூடியைத் திறந்தாள். தேதி என்ன, நேரம் என்ன என்று கேட்டது, கடையிலிருந்து வந்த முதல் நாள் கேட்டதைப் போல. உள்ளே தேடினாள். பதினோரு பாடத்தில் ஒன்றுகூட இல்லை.

"என்னங்க, எல்லாம் போச்சுங்க!"

புருஷன் சோபாவை விட்டு எழவில்லை. "அப்பவே சொன்னேன்ல? நீ எதையாவது அமுக்கித் தொலைச்சிருப்ப."

அதையும் நம்பினாள், பைத்தியக்காரி. தலையிலடித்துக்கொண்டு அழுதாள். அவன் பெரிய மனசு பண்ணி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தான். "விடு, அடுத்த வருஷம் எழுதிக்கலாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைக் கவிழ்த்து, பேட்டரி மூடியைத் திறந்தாள். இரண்டில் பொட்டு இருந்தது. மூன்றாவது மொட்டையாக இருந்தது. அலமாரிக்குப் போய் டிரான்சிஸ்டர் ரேடியோவின் முதுகைத் திறந்தாள். அங்கே ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. மத்தியானம் அவள் மாடியில் துணி காயப்போட்டபோது கீழே மேட்ச் வர்ணனை அலறியது இப்போதுதான் உறைத்தது.

அந்த பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"மேட்ச்ல யாரு ஜெயிச்சாங்க?"

"அத ஏன் கேக்கற, கடைசி ஓவர்ல கோட்ட விட்டுட்டானுங்க," என்றான், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. பிறகுதான் அவள் கையிலிருந்ததைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"ரேடியோ பேட்டரி தீந்துபோச்சு. கொஞ்ச நேரம்தான் எடுத்தேன். மேட்ச் முடிஞ்சதும் ரேடியோலேர்ந்து ஒண்ண எடுத்துத் திரும்ப வெச்சிட்டேனே!"

"பேட்டரிய வெச்சீங்க," என்றாள். "பதினோரு பாடத்த எங்க வெச்சீங்க?"